129 வண்டுகள்

போன மாதம் ஒரு நாள் காலை. வாசலில் நிற்கும் செம்பருத்தியின் கொழுந்தெல்லாம் மாவுப்பூச்சி. பழைய பல் பிரஷ்ஷையும் சோப்புத் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பஞ்சு ஒட்டியதுபோல் தெரிந்த எதையும் விடவில்லை. காப்பி கொண்டுவந்த மனைவி சற்று நின்று பார்த்துவிட்டு, "ஏனுங்க, இது மட்டும் ஓடுதே. மாவுப்பூச்சி இத்தனை வேகமா ஓடுமா?" என்றாள்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தேன். மற்றவற்றைவிடப் பெரியது. உடம்பு முழுக்க நீள நீளமான வெள்ளை மெழுகு இழைகள். வாயில் ஒரு மாவுப்பூச்சி. அது மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் புழு! அதற்குள் பத்துப் பன்னிரண்டையாவது சோப்புத் தண்ணீரில் மூழ்கடித்திருந்தேன்.

அந்த வண்டின் பெயர் கிரிப்டோலீமஸ். வளர்ந்தபின் கறுப்பு உடம்பும் செம்மஞ்சள் தலையுமாக இருக்கும், புள்ளி கிடையாது. நம் ஊர்ப் பூச்சி அல்ல. 1898இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஒரு வண்டை வேலைக்காக இன்னொரு நாட்டுக்கு அழைத்துப் போகலாம் என்ற துணிவு எப்படி வந்தது? அதற்கு அதற்கும் பத்து ஆண்டுகள் முன்னால், கலிபோர்னியாவுக்குப் போக வேண்டும்.

1868 வாக்கில் ஆஸ்திரேலியச் செடிகளோடு ஒரு செதில் பூச்சி கலிபோர்னியாவில் இறங்கியது. முட்டைப்பை வெள்ளைப் பஞ்சு மெத்தைபோல் இருக்கும். இருபது ஆண்டுகளுக்குள் அது ஆரஞ்சுத் தோப்புகளை மூடிவிட்டது. மருந்தும் புகையும் பலிக்கவில்லை. பலர் மரங்களை வெட்டி எரித்தார்கள்.

அமெரிக்க வேளாண் துறையின் பூச்சியியல் தலைவர் சி. வி. ரைலி யோசித்தார். இந்தப் பூச்சி தன் சொந்த ஊரில் இவ்வளவு பெருகவில்லையே, அங்கே அதைத் தின்னும் எதிரி இருக்க வேண்டும். ஆனால் துறை அலுவலர்கள் வெளிநாடு செல்ல அப்போது பணம் ஒதுக்கத் தடை இருந்தது. நம் அலுவலகங்களில் நடப்பதுபோலவே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 1888இல் மெல்போர்னில் நடந்த சர்வதேசக் கண்காட்சியின் பெயரைச் சொல்லி ஆல்பர்ட் கோபெலி என்பவரைக் கப்பலேற்றினார்கள்.

அடிலெய்டில் கோபெலி ஒரு சின்னச் சிவப்பு வண்டு செதில் பூச்சியைத் தின்பதைப் பார்த்தார். அதுதான் வெடாலியா. பிடித்து அனுப்பினார். முதல் மூன்று தவணைகளில் லாஸ் ஏஞ்சலீஸுக்கு வந்து சேர்ந்தவை மொத்தம் 129 வண்டுகள். ஓர் ஆரஞ்சு மரத்தைத் துணிக் கூடாரத்தால் மூடி அதற்குள் விட்டார்கள். மரம் சுத்தமானது. 1889 ஏப்ரலில் கூடாரத்தின் ஒரு பக்கத்தைத் திறந்தார்கள். ஜூன் மாதத்துக்குள் 10,555 வண்டுகளைப் பிற தோட்டங்களுக்குப் பிரித்துக் கொடுத்தாயிற்று. இரண்டே ஆண்டுகளில் தோப்புகள் பிழைத்தன.

இந்தச் செய்தி உலகெங்கும் பரவியது. தென்னிந்தியக் காப்பித் தோட்டங்களில் பச்சைச் செதில் பூச்சி தொல்லை கொடுத்தபோது கிரிப்டோலீமஸை வரவழைத்ததும் அந்த நம்பிக்கையில்தான். வண்டு அந்தச் செதில் பூச்சியைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அந்த வகையில் தோல்விதான். ஆனால் மாவுப்பூச்சிகளைத் தின்று இங்கேயே குடியேறிவிட்டது. இன்று ஆய்வுக்கூடங்களில் பரங்கிக்காயில் மாவுப்பூச்சியை வளர்த்து, அதில் இந்த வண்டைப் பெருக்கி விவசாயிகளுக்குத் தருகிறார்கள். பின்னாளில் நீலகிரியின் வேட்டில் மரங்களில் அதே பஞ்சுச் செதில் பூச்சி வந்தபோது வெடாலியாவையும் அழைத்து வந்தார்கள்.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் டி.டி.டி. வந்தது. கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோப்புகளிலும் தெளித்தார்கள். செதில் பூச்சி சாகவில்லை; வெடாலியா செத்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அடங்கிக் கிடந்த செதில் பூச்சி மறுபடி தலைதூக்கியது.

கலிபோர்னியாவைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நம் தலைமுறையில் எத்தனை வீடுகளில் பி.எச்.சி. பவுடர் டப்பா இருந்தது! அவரைப் பந்தலில் அசுவினி தெரிந்தால் ஒரு கை தூவுவோம். நல்லது கெட்டது பார்த்ததில்லை. 1997இல் அதைத் தடை செய்யும்வரை தூவினோம்.

2008இல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். மெக்சிகோவைப் பூர்வீகமாகக் கொண்ட பூச்சி. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாம் வெள்ளையாகின. மருந்துக் கடையில் தந்ததையெல்லாம் அடித்துப் பார்த்துவிட்டு, 2010 தொடக்கத்தில் கொல்லையில் இருந்த இரண்டு பப்பாளி மரங்களையும் வெட்டினேன். இரண்டுமே காய்ப்பில் இருந்தவை. அதே ஆண்டு போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கடுகைவிடச் சிறிய ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். மாவுப்பூச்சி அடங்கியது. சில மாதங்கள் பொறுத்திருந்தால் மரங்கள் இருந்திருக்கும்.

அதற்காக எல்லாப் பூச்சியையும் கும்பிடச் சொல்லவில்லை. பொறிவண்டுக் குடும்பத்திலேயே கெட்டவன் உண்டு. கத்தரி இலையைச் சுரண்டிச் சல்லடை ஆக்கும் 28 புள்ளி வண்டு அந்தக் குடும்பம்தான். மங்கிய நிறம், உடம்பில் மெல்லிய ரோமம். இலையில் அரித்த தடமும் இருக்கும். அதைக் கையால் பொறுக்கிவிடலாம். அசுவினியைத் தின்னும் பொறிவண்டுகளின் முதுகு பளபளவென்று இருக்கும். மாவுப்பூச்சி உள்ள செடியில் எறும்பு ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இனிப்புத் திரவத்துக்காக எறும்பு மாவுப்பூச்சியைக் காவல் காக்கும், வண்டை விரட்டும்.

பிரஷ்ஷை எடுக்கும் முன் ஐந்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். ஓய்வு பெற்ற நமக்கு ஐந்து நிமிடமா இல்லை? கோபெலியும் அடிலெய்டில் அதைத்தான் செய்தார். எங்கள் வீட்டில் என் மனைவி செய்தாள். செம்பருத்தியில் மிச்சமிருந்த புழுக்களை அப்படியே விட்டுவிட்டோம். இந்த வாரம் செம்மஞ்சள் தலையோடு இரண்டு வண்டுகளைப் பார்த்தேன். கொழுந்தும் தெளிந்து வருகிறது.