மாற்றுப் பெயரில் மறையும் வரலாறு

இசைக் கலைஞரின் வாழ்க்கையைப் படமாக்குவோர்க்கு இசையால் இடர் இல்லை. அவரைச் சூழ்ந்த சர்ச்சையே இடர். தமிழ்த் திரையுலகம் இதற்குக் கண்ட எளிய வழி, பெயரை மாற்றிவிடுவது. அவ்வழியால் காக்கப்படுபவர் யார், இழப்பவர் யார் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

நம் சிவகிரியைப் போலவே மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அமைந்த செங்கோட்டை, எஸ். ஜி. கிட்டப்பாவை (1906-1933) ஈன்ற ஊர். ஏற்கெனவே மணமான அவர், நாடக மேடையில் தம்முடன் இணைந்து புகழ்பெற்ற கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளை 1927இல் மணந்தார். பின்னர் இருவரிடையே பிரிவு நேர்ந்தது. கணவரின் பாராமுகத்தை எண்ணி அம்மையார் வரைந்த கடிதங்கள் பிற்காலத்தில் அச்சேறின. கிட்டப்பா 27 வயதில் மறைந்தபின், அம்மையார் வெண்கதர் உடுத்து, 1980இல் மறையும்வரை தனித்தே வாழ்ந்தார். ஆடவர்க்கு இணையாக நடிக்க மறுத்து, ‘நந்தனார்’ (1935) படத்தில் நந்தனாராகவே தோன்றினார்.

இவ்விருவரின் சாயலில் 2014இல் வசந்தபாலன் ‘காவியத்தலைவன்’ படத்தை இயக்கினார். கிட்டப்பா காளியப்ப பாகவதரானார், சுந்தராம்பாள் வடிவாம்பாளானார். நடிகர் இருவரின் போட்டியும் பொறாமையுமே கதையின் நடுவிடத்தைப் பெற்றன. முதல் மனைவியின் துயரும், சுந்தராம்பாளின் நெடுந்தனிமையும் கதையாகவில்லை.

2025இல் வெளிவந்த ‘காந்தா’, கற்பனைக் கதை என்ற அறிவிப்புடனேயே வந்தது. எனினும் எம். கே. தியாகராஜ பாகவதரைத் தவறாகச் சித்திரிப்பதாக அவர்தம் பேரர் ஒருவர் நீதிமன்றத்தை நாடினார். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944இல் கைதான பாகவதர், பிரிவி கவுன்சில் வரை முறையிட்டபின் 1947இல் குற்றமற்றவராக விடுதலையானார். உண்மைப் பெயரில் படம் எடுப்பவர் இத்தீர்ப்பையும் சொல்லியாக வேண்டும். பெயரை மாற்றியவர்க்கு அக்கடமை இல்லை. சாயலை மட்டும் எடுத்துக்கொண்டு தீர்ப்பை விட்டுவிடலாம்.

பெயரை வைத்துக்கொள்வதாலேயே உண்மை வந்துவிடாது என்பதும் மெய்யே. மொசார்ட்டைப் பற்றிய ‘அமதேயுஸ்’ (1984), வரலாற்றறிஞர் ஏற்காத வதந்தியொன்றைச் சாலியேரி என்னும் இசைஞரின் பெயரோடு உலகெங்கும் பரப்பியது.

ஆகவே, ஒரு படத்தை எடைபோட வேறோர் அளவுகோல் வேண்டும். கலைஞரின் குறையால் துன்புற்றவர்க்கு அப்படத்தில் வாய் உண்டா? பழிக்கு ஆளானவர் விடுவிக்கப்பட்ட செய்தி அதில் உண்டா? இவ்விரண்டும் இருக்குமாயின், குறையைக் கூறுவது கலைஞர்க்கு இழிவாகாது. கிட்டப்பாவின் பாட்டு, அவர் வாழ்வின் பிழைகளை அறிந்தவர் செவிக்கும் இனிக்கத்தான் செய்கிறது.