துருப்பிடிக்கும் இரும்பின் தொண்டு

இரும்பு துருப்பிடித்தால் நட்டம் என்று வருந்துகிறோம். அவ்வாறு துருப்பிடிக்கும் இரும்பே நஞ்சு கலந்த நிலத்தடி நீரைத் தூய்மை செய்த வரலாற்றை மாணவ நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இயந்திர உறுப்புகளின் எண்ணெய்ப் பிசுக்கை நீக்க, டிரைகுளோரோஎத்திலீன் போன்ற குளோரின் சேர்ந்த திரவங்களைத் தொழிற்சாலைகள் நெடுங்காலம் பயன்படுத்தின. சிந்தியவை மண்ணில் இறங்கிக் குடிநீரைக் கெடுத்தன. அந்நீரை இறைத்துத் தூய்மை செய்யப் பல்லாண்டுகள் பிடித்தன.

1980-களில் கனடா நாட்டு வாட்டர்லூ பல்கலைக்கழகத்தார், நிலத்தடி நீரின் மாதிரி எடுக்கும் கருவிகளுக்கு ஏற்ற பொருள் எதுவென ஆராய்ந்தனர். சில உலோகங்களைத் தொட்டிருந்த நீரில் இம்மாசுகள் குறைந்துகொண்டே வந்தன. அக்குறைவிலேயே மருந்து இருப்பதைப் பேராசிரியர் ராபர்ட் கில்லம் உணர்ந்தார். துருப்பிடிக்கும் இரும்பு எலெக்ட்ரான்களை வெளிவிடுகிறது. அவை நஞ்சின் மூலக்கூறிலிருந்து குளோரினைப் பிரிக்கின்றன. எஞ்சுபவை பெரும்பாலும் எத்திலீன், ஈத்தேன் என்னும் வாயுக்களும், சாதாரண உப்பிலுள்ள குளோரைடுமே.

1991-இல் ஒன்டாரியோ மாநிலத்தின் போர்டன் படைத்தளத்தில், இரும்புத் துகளையும் மணலையும் கலந்து, நிலத்தடி நீரோட்டத்தின் குறுக்கே சுவர்போல் புதைத்தனர். நீர் தன் போக்கிலேயே அதனூடே கசிந்து சென்றது. இறைக்கும் வேலையே இல்லை. டிரைகுளோரோஎத்திலீனில் சுமார் 90 விழுக்காடு நீங்கிற்று. 1990-களின் நடுவில் கலிபோர்னியாவின் சன்னிவேல் நகரத் தொழிலிடம் ஒன்றிலும் இத்தகைய சுவர் அமைந்தது.

நாளடைவில் படிவுகள் சேர்ந்து சுவரின் ஆற்றல் குறையும் என்பதையும் மறைக்கலாகாது. எனினும், குறைந்த அளவைச் சோதனைப் பிழையென ஒதுக்கியிருந்தால் இவ்வழி அன்று புலப்பட்டிராது. உங்கள் ஆய்வுக்கூடத்தில் எதிர்பாராத எண் தோன்றினால், அழிக்குமுன் அதன் காரணத்தைத் தேடுங்கள்.