வசையான பெயர்

இடுகுறியாய் அமைந்த பெயருக்குப் பகைமை காரணம் கற்பிக்கும். 2008ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தலில் பராக் ஒபாமாவின் நடுப்பெயரான 'உசேன்' அவ்வாறே வசையாக்கப்பட்டது. சதாம் உசேனை நினைவூட்டி, கிறித்தவரான ஒபாமாவை அயலாராகக் காட்டுவதே நோக்கம். பிப்ரவரியில், சின்சினாட்டி நகரில் ஜான் மெக்கெயினுக்காகக் கூடிய கூட்டத்தில் வானொலிப் பேச்சாளர் ஒருவர் அப்பெயரைத் திரும்பத் திரும்ப உரைத்தார். மெக்கெயின் வருத்தம் தெரிவித்து, அப்பெயரை அங்ஙனம் எடுத்தாளுதல் முறையன்று என்றார். பண்பான மொழிதான்; எனினும் சொல்லத்தகாததாய் ஒதுக்கப்படுகையில் பெயரின் மேல் படிந்த மாசு நீங்குவதில்லை. தந்தைக்கும் உரியதாயிருந்த அப்பெயர்க்கு அரபு மொழியில் நன்மை, அழகு என்னும் பொருள்களே அடிப்படை. 2009 சனவரி 20 அன்று, பதவியேற்பு உறுதிமொழியில் ஒபாமா அதனைத் தம் வாயாலேயே மொழிந்தார்.