குறத்தி வந்தாள்: ஆடலிலே கதை சொன்ன குறவஞ்சி

குறவஞ்சி என்னும் சொல்லுக்குக் குறப்பெண் என்பது பொருள். மலையிலே வாழும் குறத்தி ஒருத்தி, கையிலே மாத்திரைக் கோலும் இடுப்பிலே கூடையுமாக ஊருக்குள் வருகிறாள். காதல் நோயால் வாடும் தலைவி ஒருத்தியின் கையைப் பார்த்துக் குறி சொல்லுகிறாள். பரிசு பெற்றுச் செல்லுகிறாள். இறைவனையோ அரசனையோ தலைவனாகவும், உயர்குடிப் பெண்ணைத் தலைவியாகவும் கொண்ட நாடகத்துக்கு, குறி சொல்ல வந்தவளின் பெயர் அமைந்தது ஏன்? இதற்கு விடை தேடுவோமானால், பொதுமக்களின் பாட்டும் ஆட்டமும் கோயில் அரங்கில் ஏறிய வரலாறு விளங்கும்.

குறி சொல்லும் பெண் தமிழ் இலக்கியத்துக்குப் புதியவள் அல்லள். சங்கப் பாடல்களிலே கட்டுவிச்சியாகவும் அகவன் மகளாகவும் அவள் வருகிறாள். குறுந்தொகையில் ஔவையார் பாட்டு ஒன்றிலே, தலைவனுடைய குன்றத்தைப் பாடும்படி அகவன் மகளைத் தோழி வேண்டுகிறாள். பிற்காலத்தில், கலம்பகம் என்னும் நூல்வகையிலே குறத்தியின் கூற்று ஓர் உறுப்பாயிற்று. பின்னர் அதுவே குறம் என்னும் தனி நூலாக வளர்ந்தது. பதினேழாம் நூற்றாண்டிலே வாழ்ந்த குமரகுருபரர் பாடிய மீனாட்சியம்மை குறம் இதற்கு நல்ல சான்று. அங்கே பேசுபவள் குறத்தி ஒருத்தியே. அவளைச் சுற்றித் தலைவியையும் தோழியையும் குறவனையும் நிறுத்தி, ஆடுவதற்கேற்ற முழுக் கதையாக அமைத்தபோது குறவஞ்சி நாடகம் பிறந்தது.

கதை ஏறத்தாழ எல்லாக் குறவஞ்சிகளுக்கும் பொதுவானது. கட்டியங்காரன் வந்து தலைவனின் உலாவை அறிவிக்கிறான். பந்தாடிக்கொண்டிருக்கும் தலைவி உலாவைக் கண்டு மயங்குகிறாள். நிலவையும் மன்மதனையும் பழிக்கிறாள்; தோழியைத் தூது விடுகிறாள். அப்பொழுது குறத்தி வருகிறாள். தன் மலையின் வளத்தையும் தான் சென்று வந்த நாடுகளையும் சொல்லி, எண்ணிய எண்ணம் கைகூடும் என்று குறி கூறுகிறாள். அடுத்த பாதியிலே அவளைத் தேடிக் குறவன் வருகிறான். அவன் பெயர் சிங்கன். அவள் பெயர் சிங்கி. அவனும் அவன் தோழன் நூவனும் பறவை பிடிக்கக் கண்ணி வைக்கிறார்கள். சிங்கியைக் கண்டு சிங்கன் ஊடலும் வினாவுமாகப் பேசி மகிழ்வதோடு நாடகம் நிறைவெய்துகிறது.

முடிவு எல்லாருக்கும் முன்பே தெரிந்த இந்தக் கதையை மக்கள் மீண்டும் மீண்டும் பார்த்தது எதனால்? பாட்டினால், அந்தப் பாட்டின் மெட்டினால். விருத்தமும் கொச்சகமும் புலவர் வழக்கு. ஆனால் ஆடலுக்கு உயிராய் நின்றவை சிந்தும் கண்ணியும். வழிநடையிலும் வேலைக் களத்திலும் ஊர்த் திருவிழாவிலும் மக்கள் பாடிப் பழகிய நடைகளைச் சார்ந்தவை அவை. செவிக்குப் பழகிய ஓசையோடு புதிய சொற்கள் வந்தபோது, எழுத்தறியாதவரும் கதையைப் பின்தொடர முடிந்தது. விருத்தம் நிகழ்ச்சியைச் சுருக்கிச் சொல்லும். அடுத்து வரும் சிந்து அதை ஆடிக் காட்டும். இதுவே குறவஞ்சியின் இயங்குமுறை.

இந்த வகையிலே தலைசிறந்தது திருக்குற்றாலக் குறவஞ்சி. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் இதனைப் பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இயற்றினார். வசந்தவல்லி பந்தாடும் பாட்டிலே பந்து எழுந்து விழும் வேகத்தைச் சொல்லின் நடையே காட்டிவிடும். ஆடுபவளின் கையிலே பந்து இல்லாமலே பார்ப்பவர் கண்ணுக்குப் பந்து தெரியும். சிங்கனும் சிங்கியும் பேசும் இடம் இன்னும் நயமானது. அவள் காலிலே கிடக்கும் சிலம்பு அவன் கண்ணுக்கு நச்சுப் பாம்பாகத் தோன்றுகிறது. குறி சொல்லிப் பெற்ற பரிசு அது என்கிறாள் அவள். கேள்விக்கு ஒரு முத்திரை, விடைக்கு ஒரு முத்திரை, இடையிலே சிரிப்பு. மதுரையை ஆண்ட முத்துவிசயரங்க சொக்கநாத நாயக்கர் (1706–1732) இந்நூலுக்குப் பரிசாகக் கவிராயருக்கு நிலம் வழங்கினார். அந்த நிலம் குறவஞ்சி மேடு என்று பெயர் பெற்றது.

தஞ்சையிலே மராட்டிய மன்னர் காலத்தில் குறவஞ்சி புதிய சிறப்பெய்தியது. இரண்டாம் சரபோசி மன்னரை (1798–1832) தலைவராக வைத்துக் கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் சரபேந்திர பூபாலக் குறவஞ்சியைப் பாடினார். இதன் தலைவி மதனவல்லி. பெரிய கோயிலின் சித்திரைத் திருவிழாவிலே, குறவஞ்சி மேடை என்றே பெயர் பெற்ற மேடையில், கோயிலைச் சேர்ந்த ஆடல் மகளிர் இதனை ஆண்டுதோறும் ஆடி வந்தனர். இறைவன் சந்நிதியிலே அரசனின் புகழைக் குறத்தி பாடினாள்.

அதே தஞ்சையிலே இன்னொரு குறவஞ்சியும் எழுந்தது. சரபோசியைப் போலவே சுவார்ட்சு பாதிரியாரிடம் கல்வி கற்ற வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பெத்லகேம் குறவஞ்சியைப் பாடினார். இங்கே இயேசுபெருமான் தலைவர், தேவமோகினி தலைவி. கோள்களின் இயக்கம், உலக நாடுகளின் அமைப்பு முதலிய புதிய அறிவையும் சாஸ்திரியார் இந்த நாடகத்திலே சேர்த்தார். சைவர் கதையைச் சொன்ன சிந்து, கிறித்தவ சமயத்தையும் வானநூலையும் சொல்ல மறுக்கவில்லை. மக்களுக்குப் பழகிய மெட்டுக்கு இருந்த ஆற்றல் இதனால் விளங்கும்.

கடல் கடந்தும் குறத்தி வந்தாள். யாழ்ப்பாணத்து இருபாலைச் சேனாதிராய முதலியார் நல்லைக் குறவஞ்சியைப் பாடினார். அராலி விசுவநாத சாஸ்திரியார் நகுலமலைக் குறவஞ்சியை இயற்றினார். நகுலம் என்பது கீரி. நகுலமலை என்பது கீரிமலை. யாழ்ப்பாணத்திலே குற்றாலத்தைப் போன்ற அருவியும் இல்லை, வானளாவும் மலையும் இல்லை. இருந்தும் ஈழத்துப் புலவர் தம் ஊர்த் தலங்களைக் குறத்தியின் வாயிலாகவே பாட விரும்பினர். தத்தம் ஊரின் பெயரை மக்கள் நாவிலே நிலைநிறுத்துவதற்கு இதனினும் ஏற்ற வழி அவர்களுக்குத் தோன்றவில்லை போலும்.

இருபதாம் நூற்றாண்டிலே இந்தக் கலைக்கு ஒரு சோதனை வந்தது. அரசர் ஆதரவு முன்னமே மறைந்திருந்தது. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை 1947ஆம் ஆண்டு சென்னை மாகாணச் சட்டம் தடைசெய்தது. பெண்களின் மானமும் உரிமையும் கருதி எழுந்த சட்டம் அது. அதன் தேவையை மறுத்தற்கில்லை. ஆயினும் குறவஞ்சியைத் தலைமுறை தலைமுறையாக உடலிலே காத்து வந்தவர்கள் அந்தக் குலத்து மகளிரே. ஏட்டிலே எழுதப்பட்டது பாட்டு மட்டும். எந்தச் சொல்லுக்கு எந்த அபிநயம், எந்த அடியிலே எந்தத் தீர்மானம் என்பவை ஏட்டில் இல்லை. அவர்களுடைய நினைவிலே இருந்தன. மேடையை விட்டு அவர்கள் நீங்கியபோது நாடகத்தின் பாதியும் உடன் நீங்கும் நிலை உண்டாயிற்று.

அந்தச் சட்டத்துக்கு முன்பே, 1944ஆம் ஆண்டில், கலாச்சேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி திருக்குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக மேடையேற்றினார். வீணை கிருஷ்ணமாச்சாரியார் இசையமைத்தார். பரம்பரையாக ஆடலறிந்த காரைக்கால் சாரதாம்பாள் அம்மையாரின் அறிவும் அதற்குத் துணையாயிற்று. பழைய மரபைச் சேர்ந்த ஒருவர் அருகிருந்து காட்டிக் கொடுத்ததனாலேயே புதிய மேடைக்குப் பழைய வழி கிடைத்தது. அதன் பின்னர்க் குறவஞ்சி மீண்டும் நடன சபைகளில் இடம்பெற்றது. குறத்தி நடனம் இன்று பள்ளிச் சிறுமியரும் ஆடும் நடனமாகிவிட்டது.

தொடக்கத்திலே எழுந்த கேள்விக்கு இப்பொழுது விடை கூறலாம். தலைவன் உலா வருகிறான்; ஆனால் பேசுவதில்லை. தலைவி ஏங்குகிறாள்; ஆனால் வீட்டை விட்டு வெளியேறுவதில்லை. நாட்டை நடந்து அறிந்தவளும், துன்பப்படுபவளுக்கு ஆறுதல் சொல்பவளும், தன் உழைப்பால் அணி பெற்றவளும் குறத்தியே. கதையை நகர்த்துபவள் அவள். ஆகவே பெயரும் அவளுக்கு உரியதாயிற்று.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. குறவஞ்சியைப் பாடிய புலவர் குறவர் அல்லர். கோயிலிலே அதனை ஆடியவரும் குறத்தியர் அல்லர். பாட்டுக்கு நிலம் கிடைத்தது. புலவரின் பெயர் நிலைத்தது. மலைவழியே குறி சொல்லி நடந்த பெண்களின் பெயரும், அவர்களைப்போல் மேடையிலே நடந்து காட்டிய ஆடல் மகளிர் பலரின் பெயரும் நமக்குக் கிட்டவில்லை. இவ்விரு கூட்டத்தாரும் விட்டுச்சென்றது மெட்டும் அடவும். கூடையை இடுப்பிலே வைத்து ஒரு சிறுமி அரங்கிலே அடியெடுத்து வைக்கும்போது, அவள் ஆடுவது அவர்கள் சொல்லிக் கொடுத்த ஆட்டம்.