லாத்தேரா காயலின் ஓங்கில்கள்: பிளினியின் பதிவொன்றை மறுவாசிப்புச் செய்தல்

உரோம எழுத்தாளர் மூத்த பிளினியின் ‘இயற்கை வரலாறு’ ஒன்பதாம் நூலில், ஓங்கில்களும் (டால்பின்கள்) மனிதரும் சேர்ந்து மீன் பிடித்ததாக ஒரு பகுதி வருகிறது. இடம், இன்றைய தென்பிரான்சில் நீம் நகருக்கு உட்பட்டிருந்த லாத்தேரா காயல். இதைப் படித்த ஆய்வாளர்களில் ஒரு சாரார், பண்டைய அற்புதக் கதைகளில் இன்னொன்று என்று ஒதுக்கினர். மறு சாரார், மனிதர்மீது ஓங்கில் கொண்ட அன்புக்குத் தொன்மையான சாட்சி என்று கொண்டாடினர். இரண்டு வாசிப்பும் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம். அப்பகுதி முதன்மையாக ஒரு மீன்பிடி முறையின் விவரிப்பு. அதில் கதையும் கலந்திருக்கிறது. ஆனால் எது விவரிப்பு, எது கதை என்று பிரித்துப் பார்க்க இன்று நமக்குச் சான்றுகள் உண்டு.

ஒதுக்கியவர்களின் வலுவான காரணம், பகுதி அமைந்திருக்கும் இடம். அதற்கு முன்னால் வருபவை லுக்ரைன் ஏரியில் சிறுவனைச் சுமந்து சென்ற ஓங்கில், ஹிப்போ நகரக் கரையில் மக்கள் கையால் உண்ட ஓங்கில், இயாசோஸ் நகரச் சிறுவனின் ஓங்கில், பாடகன் ஆரியோனைக் காப்பாற்றிய ஓங்கில். இந்த வரிசையில் வருவதால் லாத்தேராவும் கதையே என்கின்றனர். ஆனால் உள்ளடக்கத்தை ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவு. அந்தக் கதைகளில் ஒற்றை ஓங்கில் வருகிறது. பெரும்பாலும் ஒரு சிறுவன் வருகிறான். பாசமும் பிரிவும் சாவும் கதையை நடத்துகின்றன. லாத்தேராவில் சிறுவன் இல்லை, சாவு இல்லை, தனி ஓங்கிலும் இல்லை. அங்கே இருப்பது ஒரு கூட்டம், ஒரு பருவம், ஒரு முகத்துவாரம், ஒரு மீன்.

பிளினி சொல்லும் வரிசை இது. குறித்த பருவத்தில் மடவை மீன்கள் எண்ணிலடங்காமல் திரண்டு, நீரோட்டம் திரும்பும் நேரம் பார்த்து, காயலின் குறுகிய வாய் வழியே கடலுக்குப் பாய்கின்றன. அந்த ஓட்டத்தில் குறுக்கே வலை கட்ட முடியாது. கட்டினாலும் மீனின் பாரத்தை வலை தாங்காது. கரையில் திரண்ட மக்கள் ‘சீமோ’ என்று கூவி ஓங்கில்களை அழைக்கின்றனர். ஓங்கில்கள் கடல் பக்கத்தை அடைத்து, மிரண்ட மடவைகளை ஆழமற்ற நீருக்குத் துரத்துகின்றன. மீனவர்கள் அங்கே வலையால் வளைக்கிறார்கள். வலையைத் தாண்டித் துள்ளும் மீன்களை ஓங்கில்கள் பிடிக்கின்றன.

இதில் ஒரு சிறு விவரத்தை நின்று பார்க்க வேண்டும். வாடைக்காற்று வீசினால் அழைப்பு ஓங்கில்களை விரைவில் எட்டுகிறது. தென்காற்று எதிர்த்து வீசினால் தாமதமாகிறது என்கிறார் பிளினி. லாத்தேரா இருந்த இடம் இன்றைய மோன்பெலியே நகருக்குத் தெற்கே உள்ள லாத் பகுதி. அங்கே நிலம் வடக்கில், கடல் தெற்கில். வாடை நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் காற்று. கதை கட்டுபவருக்கு இந்தத் திசைக் கணக்கு தேவையில்லை. அந்தக் கரையில் நின்றவருக்குத்தான் தேவை. இந்தத் தகவல், எத்தனை கை மாறி வந்திருந்தாலும், அக்கரையைச் சேர்ந்த ஒருவரிடமிருந்து கிளம்பியது என்றே கருதுகிறேன்.

அதே வாக்கியத்தின் தொடர்ச்சி இன்னும் முக்கியமானது. தென்காற்று எதிர்த்தாலும், எதிர்பாராமல் ஓங்கில்கள் வந்துவிடுகின்றன என்று பிளினி சேர்க்கிறார். அழைப்பு சரியாக எட்டாத நாளிலும் அவை வந்தன என்றால், அவற்றை வரவழைத்தது குரல் அன்று, மடவையின் பெயர்ச்சி. கூவியதால் வந்தன என்பது கரையில் நின்றோரின் நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு எதிரான அவதானிப்பும் அதே வாக்கியத்தில் அழியாமல் நிற்பதால்தான் இப்பதிவின்மீது என் நம்பிக்கை கூடுகிறது.

கதைக்கு உரியவை என நான் ஒதுக்குபவை இரண்டு. ஒன்று, போர்க்கள மொழி: அணிவகுப்பு, வெற்றி வரும்வரை உண்ணாத வீரம். இது பிளினியின் நடை. மற்றொன்று கூலி: ஒருநாள் மீன் மட்டும் உழைப்புக்கு ஈடாகாது என்று ஓங்கில்கள் மறுநாள்வரை காத்திருந்து, மதுவில் நனைத்த ரொட்டியை வாங்கிக்கொண்டனவாம். இது கூட்டுத் தொழிலுக்கு மனிதர் எழுதிய நியாயக் கணக்கு. இவ்விரண்டையும் நீக்கினாலும் மீன்பிடி முறை முழுமையாக எஞ்சுகிறது.

அந்த எஞ்சிய பகுதியைச் சரிபார்க்க பிரேசிலின் சாந்தா கத்தரீனா மாநிலத்தில் உள்ள லகூனா நகரம் உதவுகிறது. அங்கே காயல் கடலோடு சேரும் கால்வாயில், மீனவர்கள் இடுப்பளவு நீரில் வரிசையாக, வீச்சு வலையுடன் நிற்கிறார்கள். நீர் கலங்கல், மீன் கண்ணுக்குத் தெரியாது. ஓங்கில் ஆழமான பக்கத்திலிருந்து மடவைக் கூட்டத்தைக் கரைநோக்கித் தள்ளி வந்து, சட்டென முதுகை வளைத்துக் காட்டும் அல்லது தலையால் நீரில் அறையும். அந்த நொடியில் வலை விழவேண்டும். வலையால் கூட்டம் சிதற, பிரிந்த மீன்களை ஓங்கில் பிடிக்கிறது. யாரும் அதற்குக் கூலி கொடுப்பதில்லை. வலை விழுவதே அதற்கு ஆதாயம்.

2023இல் மௌரீசியோ காண்டோர், டாமியன் ஃபரீன், ஃபாபியோ டௌரா-ஜோர்ஜ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு, ட்ரோன்களையும் நீரடி ஒலிப்பதிவுகளையும் கொண்டு இதை அளந்தது. ஓங்கில் அருகில் இருக்கும்போது மீன் கிடைக்கும் வாய்ப்பு 17 மடங்கு. அதன் சைகைக்கு ஒத்திசைந்து வீசினால் மடவை ஏறத்தாழ 4 மடங்கு. கூட்டு வேட்டையில் சேரும் ஓங்கில்கள் உயிர்பிழைக்கும் வீதமும் மற்றவற்றைவிட 13 விழுக்காடு அதிகம். ஆதாயம் இரு பக்கமும் இருக்கிறது.

ஓர் ஒப்புமை தற்செயலாகலாம் என்ற ஐயம் நியாயமானதே. ஆனால் லகூனா தனியாக இல்லை. ஆஸ்திரேலியாவின் மோர்ட்டன் விரிகுடாவில் பழங்குடி மக்கள் ஓங்கில்களோடு மீன் பிடித்ததை 1856இல் வெளியான குறிப்பு பதிவு செய்கிறது. மொரிட்டானியாவின் இம்ராகென் மக்களைப் பற்றி பிரெஞ்சு ஆய்வாளர் புஸ்னெல் 1973இல் எழுதினார். இரண்டிலும் பிடிபட்டது மடவையே. பருவந்தோறும் கரையை ஒட்டித் திரளாக இடம்பெயரும் இந்த மீன் இருக்கும் இடங்களில் இந்தக் கூட்டு முளைத்திருக்கிறது. பிளினியைப் படித்து மோர்ட்டன் விரிகுடா மக்கள் மீன் பிடிக்கவில்லை.

மத்தியதரைக் கடலில் ஓதம் மிகக் குறைவு, ஆகவே பிளினி சொல்லும் நீரோட்டத் திருப்பம் அங்கே நிகழாது என்ற ஆட்சேபம் நெடுநேரம் நிற்காது: காயல் வாயில் நீரோட்டத்தைத் திருப்ப காற்றும் நீர்மட்ட வேறுபாடும் போதும். பிளினி தாமே பார்த்ததாகச் சொல்லவில்லை என்பதும் தடையாகாது. இயாசோஸ் வளைகுடாவில் நடந்த இரவு மீன்பிடியை மூக்கியானுஸ் என்ற எழுத்தாளர் கூறியபடி அவர் தனியாகத் தருகிறார்: அங்கே ஓங்கில்கள் அழைக்காமலே வருகின்றன, தம் பங்கை மீனவர் கையிலிருந்தே பெறுகின்றன, ஒவ்வொரு படகுக்கும் ஓர் ஓங்கில் துணை. இரண்டு செய்திகளையும் ஒன்றாகக் குழைக்காமல் வேறுபாட்டோடு வைத்திருப்பது நல்ல தொகுப்பாளரின் பண்பு.

இனி, அன்பு என்று கொண்டாடியவர்களுக்கு. லகூனாவில் வாழும் ஓங்கில்கள் ஏறத்தாழ 50 முதல் 60. அவற்றில் ஒரு பகுதியே மீனவர்களோடு வேட்டையாடுகின்றன. மனிதப்பற்று ஓங்கிலின் இயல்பு என்றால் எல்லாமே வந்திருக்க வேண்டும். வருபவை தமக்குள் அதிகம் கூடிப் பழகுபவை என்று 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. குட்டிகள் தாயோடு திரிந்து இதைக் கற்பதாகக் கருதப்படுகிறது. மீனவர்களும் நல்ல ஓங்கில் எது என்று பெயர் வைத்து அறிந்து, அந்த அறிவை மகனுக்குக் கொடுக்கிறார்கள். ஓங்கிலின் அறிவை மூளையின் பருமனில் தேடுவதைவிட, மனிதக் கை எப்போது வலை வீசும் என்று அது கற்றுக்கொண்டதில் தேடுவது பயன்தரும். இரண்டு உயிரினங்கள் தத்தம் இளையோருக்குத் தனித்தனியே கற்பித்து, ஒரே கரையில் ஒன்றுசேரும் இந்த உறவு, பாசக் கதைகள் அனைத்தையும்விட அரியது.

ஆகவே லாத்தேரா பகுதியை ஆரியோன் கதையிலிருந்து பிரித்து, மீன்பிடி வரலாற்றில் சேர்ப்பதே முறை. கதை என்று ஒதுக்கியதில் இழப்பு உண்டு: ஐரோப்பியக் கரையில் இப்படி ஒரு தொழில் இருந்து மறைந்தது என்பதையே நாம் கணக்கில் எடுக்கவில்லை. மடவை குறைந்துவருவதால் லகூனாவின் கூட்டு மீன்பிடியும் வரும் பத்தாண்டுகளில் அழியக்கூடும் என்று 2023 ஆய்வு எச்சரிக்கிறது. அதைக் காக்க வேண்டுமானால் ஓங்கிலை மட்டும் காத்தால் போதாது; மடவையையும் வீச்சு வலைக்காரரையும் சேர்த்தே காக்க வேண்டும்.