தைமிர் தூந்திரப் பறவைகளும் லெம்மிங்குகளும்

தைமிர் தீபகற்பம் வடக்குச் சைபீரியாவில் உள்ள தூந்திரப் பகுதியாகும். குறுகிய கோடையில் பனி உருகியதும் வளைந்த அலகுடைய உள்ளான்களும் பிரெண்ட் வாத்துகளும் இங்குத் தரையில் கூடு கட்டுகின்றன.

பின்னர் ஐரோப்பியக் கரைகளை அடையும் இவற்றுள் இளம்பறவைகள் சில ஆண்டுகளில் மிகுந்தும் சில ஆண்டுகளில் அரிதாகவும் காணப்பட்டன. வானிலை மட்டும் இதை முழுமையாக விளக்கவில்லை. 1979இல் ரோசெலார் உள்ளான்களையும், 1986இல் சம்மர்ஸ் வாத்துகளையும் ஆராய்ந்து, லெம்மிங் என்னும் சிறு கொறிவிலங்கோடு இதைத் தொடர்புபடுத்தினர்.

ஏறத்தாழ மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை லெம்மிங்குகள் பெருகும். அப்போது ஆர்க்டிக் நரிகள் அவற்றையே உண்பதால் கூடுகள் தப்புகின்றன. அடுத்த ஆண்டு லெம்மிங்குகள் குறைய, பெருகிய நரிகள் முட்டைகளையும் குஞ்சுகளையும் தேடித் தின்கின்றன.

எனினும் லெம்மிங்குகள் மிகுந்த ஆண்டிலும் கடுங்குளிர் நீடித்தால் பூச்சி கிடைக்காமல் உள்ளான் குஞ்சுகள் மடியும். கோடியக்கரைக்கு வலசை வரும் இவ்வகை உள்ளான்களும் சைபீரியத் தூந்திரத்தில் இவ்விரு இடர்களையும் கடந்தவையே.