வானம் மாறவில்லை, கடிகாரம்தான் மாறியது



விண்மீன்கள் கிழக்கே தோன்றி மேற்கே மறைகின்றனவே, ஆகவே சுழல்வது வானம்தானே என்று மாணவர்கள் அறிவியல் வகுப்பில் கேட்பதுண்டு. கேள்வியில் குறையில்லை. பிரம்மகுப்தர் போன்ற பேரறிஞரே 628-இல் அப்பக்கம்தான் நின்றார். அவருக்கு முன்பே, கி.பி. 499-இல், ஆரியபட்டர் விடை கூறியிருந்தார். முன்னே செல்லும் படகில் இருப்பவனுக்குக் கரை பின்னே செல்வதாகத் தோன்றுவது போன்றதே விண்மீன்களின் ஓட்டம் என்றார் அவர். பாரிசில் ஃபூக்கோ ஊசல் கொண்டு அதைக் கண்முன் காட்டியது 1851-இல்தான்.

நம் ஈப்போ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 4.6 பாகையில் உள்ளது. ஆதலால் இங்கு விண்மீன்கள் ஏறக்குறைய செங்குத்தாக எழுகின்றன. துருவ மீனோ அடிவானத்தை ஒட்டியே கிடக்கிறது. சுண்ணாம்புக் குன்று ஒன்று குறுக்கே நின்றால் போதும், தெரியாது!

பூமி ஒரு முறை சுழல 23 மணி 56 நிமிடம் ஆகிறது. எனவே ஒவ்வொரு விண்மீனும் நாள்தோறும் சுமார் 4 நிமிடம் முந்தி உதிக்கிறது. இந்த ஒழுங்கு பிறழ்வதில்லை. பிறழ்ந்தது மனிதர் வைத்த நேரமே.

ஜப்பானியர் ஆட்சியில், 1942-இல், மலாயாவின் கடிகாரங்கள் தோக்கியோ நேரத்திற்கு ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டன. 1945-இல் பழைய நேரம் திரும்பியது. 1982 சனவரி 1 அன்று, சபா, சரவாக்குடன் ஒரே நேரமாக இருக்கும்பொருட்டு, தீபகற்பத்தில் மீண்டும் அரைமணி நேரம் கூட்டப்பட்டது.

சனவரி நடுவில் மிருகசீரிடக் கூட்டத்தின் மூன்று விண்மீன்கள் ஈப்போவில் உச்சியை நெருங்குவது இன்றைய கணக்கில் இரவு 11.10 அளவில். 1982-க்கு முன் அதே காட்சிக்கு 10.40. ஜப்பானியர் காலத்தில் நள்ளிரவு கடந்து 12.10!

தோட்டத்து மக்களுக்கு இது வெறும் எண் விளையாட்டன்று. வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் இரப்பர் மரத்தில் பால் நன்கு வடியும். பெரட்டு மணி எந்த நேரக் கணக்கில் ஒலித்தாலும் மரம் சூரியனைத்தான் பின்பற்றியது. தோட்ட வரலாறு எழுதுவோர் பெரட்டு நேரத்தைக் குறிக்கும்போது ஆண்டையும் சேர்த்துக் குறிப்பது நலம்; 1943-இன் ஆறு மணியும் 1983-இன் ஆறு மணியும் ஒரே இருட்டல்ல.

பள்ளித் திடலில் குச்சி நட்டு நிழல் அளக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு சொல்: ஈப்போவில் நிழல் மிகக் குறுகுவது 12 மணிக்கன்று, சராசரியாகப் பிற்பகல் 1.15-க்கு. மாணவர்களை அதுவரை இருக்கச் சொல்லுங்கள்.